தகடூர்ப் போரை விளையாடிப் பார்க்கலாமே

கடையெழு வள்ளல்கள் யார் என்று கேட்டால், பள்ளியில் தமிழ் படித்த எவரும் பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார். மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர், ஔவைக்கு நெல்லிக்கனி. இரண்டு மதிப்பெண் உறுதி. ஆனால், இந்த ஏழு பேரில் மூன்று பேர் ஒரே போர்ச்சுழலில் எதிரெதிராக நின்றவர்கள் என்பது அந்தப் பாடத்தில் வருவதில்லை.

சங்கப் பாடல்களைக் கோத்து ஆய்வாளர்கள் சொல்லும் வரிசை இது: தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, திருக்கோவலூர்மீது படையெடுத்து மலையமான் திருமுடிக்காரியைத் தோற்கடித்தான். அந்த வெற்றியைப் பரணரே பாடினார். காரி, சேரன் பக்கம் போய்ச் சேர்ந்தான். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அடுத்த குறி தகடூர். பெருஞ்சேரல் இரும்பொறை படையோடு வந்தபோது அதியமானுக்குத் துணையாக இரு பெருவேந்தர்கள் நின்றார்கள். மூவரையும் சேரன் வென்றான் என்கிறது பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம். ‘தகடூர் எறிந்த’ என்பது அவன் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி.

வள்ளல்கள் பட்டியலாக ஒப்பித்தால் இது அறநெறிப் பாடம். கூட்டணி, துரோகம், பழி, தூது, முற்றுகை என்று பார்த்தால், உலகமே உட்கார்ந்து விளையாடக்கூடிய ஓர் ஆட்டம். அப்படி விளையாட வைத்துக் காட்டியவர்கள் ஜப்பானியர்கள்; அவர்கள் எடுத்துக்கொண்டது சீனக் கதை.

கி.பி. 184இல் மஞ்சள் தலைப்பாகைக் கலகத்தோடு ஹான் பேரரசு ஆட்டம் கண்டது. நாடு வெய், ஷு, வூ என்று மூன்றாகி, 280இல்தான் மறுபடி ஒன்றானது. இந்தக் குழப்பக் காலத்தை லுவோ குவான்சோங் 14ஆம் நூற்றாண்டில் பெரும் நாவலாக்கினார் என்பது மரபு. கடல் கடந்து ஜப்பானுக்குப் போன அந்தக் கதை, அங்கே 60 தொகுதிச் சித்திரக்கதையானது, தொலைக்காட்சியில் பொம்மலாட்டத் தொடரானது. 1985 டிசம்பரில் கோயெய் என்ற நிறுவனம் அதைக் கணினி விளையாட்டாக்கியது. நாற்பது ஆண்டுகள் ஆகியும் தொடர் ஓயவில்லை. பதினான்காம் பதிப்பு 2020இல் வந்தது. பழைய எட்டாம் பதிப்பை 2024இல் புதுக்கி வெளியிட்டார்கள்.

கோயெய் தொடங்கிய இடம் தோக்கியோ அல்ல. ஆஷிகாகா என்ற சிறிய ஊரில் சாயப்பொருள் வியாபாரம் செய்த நிறுவனம் அது. தொடங்கிய ஆண்டு 1978. உரிமையாளர் யோயிச்சி எரிகாவாவுக்கு மனைவி கெய்கோ பிறந்தநாள் பரிசாக ஒரு கணினி வாங்கிக் கொடுத்தார். அதில் தானே நிரல் எழுதக் கற்று, 1981இல் ஜப்பானிய வரலாற்றுப் போர் ஒன்றை விளையாட்டாக்கினார் யோயிச்சி. சீனக் கதை அதற்குப் பிறகுதான். பெரிய முதலீடு, பெருநகரம், அரசு மானியம் எல்லாம் வந்த பிறகே இந்தக் காரியத்தில் இறங்க முடியும் என்று நினைப்பவர்கள் இந்தச் சாயக்கடைக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

தொடரின் உயிர் போர்க்களத்தில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது. பதினான்காம் பதிப்பில் மட்டும் ஆயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் தலைமை, வீரம், அறிவு, ஆட்சித்திறன், ஈர்ப்பு என்று ஐந்து மதிப்பெண்கள். வீரத்தில் லூ பூவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவனை நம்பி ஒரு கோட்டையை ஒப்படைக்க முடியாது. அறிவில் சூகே லியாங் உச்சம். தனியே குதிரையேறிப் போரிட அனுப்பினால் வீண். யாருக்கு யாரோடு நட்பு, யாருக்கு யார்மீது வெறுப்பு, யாருடைய விசுவாசம் எப்போது தேயும் என்பதெல்லாம் கணக்கில் வரும். சம்பளம் கொடுக்காமல், பாராட்டாமல் விட்டால் நல்ல அமைச்சன் எதிரி முகாமுக்குப் போய்விடுவான். நாவலில் வில்லனாக வரும் சாவ் சாவ், விளையாட்டில் நாமே தேர்ந்தெடுத்து ஆளக்கூடிய, மதிப்பெண்களில் அசரவைக்கிற தலைவன். அவன் பக்கம் உட்கார்ந்து நாற்பது மணி நேரம் ஆடியவருக்கு அவனை வில்லன் என்று ஒரே சொல்லில் ஒதுக்க மனம் வராது. வரலாற்றுப் பாடப்புத்தகம் எளிதில் சாதிக்க முடியாத காரியம் இது.

இப்போது இந்த அளவுகோலைத் தகடூர்மீது வைத்துப் பாருங்கள். ஔவையார்: தலைமை குறைவு, வீரம் சுழி, அறிவும் ஈர்ப்பும் நூற்றுக்கு நூறு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அவன் தன் ஆயுதச்சாலையைப் பெருமையாகக் காட்ட, இங்கே படைக்கலங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூடி அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் குத்திவிட்டு வந்தவர். ஜப்பானியத் தொடரின் சில பதிப்புகளில் தூதர்கள் மோதும் சொற்போர்க் காட்சிகள் உண்டு. அதற்கு இதைவிட நல்ல காட்சி சீனக் கதையில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

எதிர்ப்பக்கமும் சளைத்ததல்ல. தகடூரை அழித்த இதே பெருஞ்சேரல் இரும்பொறைதான், முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் படுத்துறங்கிய மோசிகீரனாரை வாளால் வெட்டாமல், விழிக்கும்வரை விசிறி வீசிக்கொண்டு நின்றவன். அவனைப் பாடிய அரிசில்கிழாருக்கு அரசுக் கட்டிலையே கொடுக்க முன்வந்தான் என்றும், புலவர் அதை மறுத்து அமைச்சுப் பொறுப்பை மட்டும் ஏற்றார் என்றும் பதிகம் சொல்கிறது. இப்படிப்பட்டவனை வெறும் படையெடுப்பாளனாக வரைய எந்த விளையாட்டு வடிவமைப்பாளருக்கும் கை வராது.

நெல்லிக்கனியையும் விட வேண்டாம். ஜப்பானியத் தொடரில் ஒவ்வொருவருக்கும் ஆயுள் உண்டு. காலம் வந்தால் எவ்வளவு பெரிய தளபதியும் கண்மூடுவான். தகடூர் ஆட்டத்தில் நீண்ட ஆயுள் தரும் கனி ஒன்று ஆடுபவர் கையில் கிடைக்கிறது. தானே உண்டால் அரசன் இன்னும் பல ஆண்டு களத்தில் நிற்பான். புலவருக்குக் கொடுத்தால் தூதும் புகழும் நிலைக்கும். கொடுப்பதா, வேண்டாமா? பள்ளிப் பாடத்தில் விடை தெரிந்த கேள்வி, எல்லையில் சேரன் படை நிற்கும்போது அவ்வளவு எளிதாக இருக்காது.

ஆட்ட விதிகளுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. வெட்சியில் ஆநிரை கவர்ந்து, கரந்தையில் மீட்டு, வஞ்சியில் படை நடத்தி, உழிஞையில் மதிலை வளைத்து, நொச்சியில் உள்ளிருந்து காத்து, தும்பையில் நேருக்கு நேர் மோதி, வாகையில் வெற்றி கொண்டாடுவது என்று போரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது புறப்பொருள் வெண்பாமாலை. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறுநாளே மறந்துபோகும் இந்தத் திணைகள், உண்மையில் ஒரு வியூக விளையாட்டின் கையேடு.

நிலவரைபடமும் கைவசம் இருக்கிறது. அதியமான் பறித்த திருக்கோவலூர் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. அந்த ஆறு தருமபுரி மாவட்டம் வழியாகத்தான் அங்கே போகிறது. தெற்கே சேலம் பக்கம் தொப்பூர் கணவாய். இன்று லாரிகள் திணறும் அந்த மேட்டை ஆட்டத்தில் யார் பிடித்து வைத்திருக்கிறாரோ அவருக்கே தகடூரின் வாசல். பொருளாதாரத்துக்குக் கரும்பு: அதியமானின் முன்னோர் அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்கிறது. பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை உள்ள மாவட்டத்துக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

தமிழர் வரலாறு விளையாட்டுகளில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்துக்கு 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் ‘திராவிடர்’ என்று ஓர் அணி உண்டு. சுருள்வாள் வீரர்களும் ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அதில் வருகின்றன. 2025இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ ஏழாம் பாகத்தில் சோழர்களைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். நல்ல செய்திதான். ஆனால் இரண்டிலும் நாம் பேரரசாக, கப்பற்படையாக மட்டுமே தெரிகிறோம். கடல் கடந்த சோழனைப் பேசியே பழகிய நமக்கு, ஒரு சிறிய மலைநாட்டுத் தலைவன் மூன்று பக்கமும் பகை சூழ்ந்து என்ன செய்வான் என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்வி பேரரசைவிடச் சுவையானது.

உள்ளூரில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் இணைய விளையாட்டு என்றாலே ரம்மி, கடன், தற்கொலை என்றுதான் சில ஆண்டுகளாகப் பேச்சு. மாநில அரசு 2022இல் சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. சூதாட்டத்தைத் தடுத்தது சரி. தடுத்த இடத்தில் வேறு என்ன வைக்கப்போகிறோம் என்பதை இன்னும் யாரும் உரக்கக் கேட்கவில்லை.

இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது, போதிய சான்று இல்லை என்பது. தகடூர்ப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்கவில்லை. சிதறிய பாடல்கள் புறத்திரட்டாலும் உரையாசிரியர்களாலும் தப்பிப் பிழைத்தவை. ஆனால் அதியமான் கற்பனை மனிதன் இல்லை. திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு அவன் பெயரைச் சொல்கிறது. அசோகர் கல்வெட்டில் வரும் ‘சத்தியபுத்திரர்’ யார் என்ற நெடுநாள் புதிருக்கும் விடை தந்தது அந்தக் கல்தான். தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. சங்ககாலத்துக்குப் பிந்தியவைதான், ஆனாலும் ஆநிரைப் பூசலில் விழுந்த வீரர்கள் வில்லும் வாளுமாக அவற்றில் நிற்கிறார்கள். ஓவியர் அவற்றைப் பார்த்து வரைந்தால், தொலைக்காட்சித் தொடர்களின் பிளாஸ்டிக் கவசத்திலிருந்து விடுதலை கிடைக்கும். மீதமுள்ள இடைவெளி, ஆட்டத்துக்குத் தடையல்ல, வாய்ப்பு. பெண்ணையாற்றுக் கரையில் காரியோடு அதியமான் சமாதானம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆடித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அரசர் கதை என்றால் உடனே ‘எங்கள் ஆள்’ என்று உரிமை கோரும் கூட்டம் கிளம்பிவிடும். உண்மை. அதனால்தான் ஒற்றை நாயகன் படம் எடுப்பதைவிட விளையாட்டு பாதுகாப்பானது. சினிமாவில் அதியமான் மட்டுமே நாயகன். ஆட்டத்தில் இன்று அவன் பக்கம் நின்றவர், நாளை காரியாகி அவனோடு மோதியாக வேண்டும், மறுநாள் சேரனாகித் தகடூரை வளைத்தாக வேண்டும். மூன்று பக்கமும் ஆடியவரிடம் சாதிப்பெருமை பேசி ஏமாற்றுவது கடினம்.

மக்களுக்கு இது புரியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதக் கூத்தை இரவிரவாகப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. கர்ணன் ஏன் துரியோதனனை விட்டு வரமாட்டான் என்பது படிக்காத பாட்டிக்கும் தெரியும். விசுவாசத்தின் கணக்கை ஜப்பானியர் எண்களாக எழுதினார்கள். இங்கே அது படுகளத்து மண்ணில் நடித்துக் காட்டப்படுகிறது.

முதல் வேலைக்குக் கணினியே தேவையில்லை. தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியின் தமிழ்த்துறை மாணவர்கள், புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் இந்தப் போரோடு தொடர்புள்ளவர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் பாடல் ஆதாரத்தோடு ஐந்து மதிப்பெண்கள் போடட்டும். காரிக்கு வீரம் அதிகமா, ஓரிக்கா என்று அடித்துக்கொள்ளட்டும். அந்தச் சண்டையிலேயே பாதி இலக்கியம் படித்துவிடுவார்கள். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் அதை அட்டை விளையாட்டாகவோ கைப்பேசிச் செயலியாகவோ மாற்றலாம். மாவட்ட நிர்வாகமும் தகடூர் புத்தகப் பேரவையும் நடத்தும் புத்தகத் திருவிழாவில் இதற்கென ஒரு மேசை ஒதுக்குவது பெரிய செலவில்லை. அடுத்த திருவிழாவிலேயே ஒதுக்கிக் கொடுங்கள்.