உங்க தோப்புல என்ன நடந்துச்சு, அம்மிணி?

பிளஸ் டூ மதிப்பெண் வந்ததும் முதல் வேலையாகக் கட் ஆஃப் போட்டுப் பார்ப்போம். 200-க்கு எவ்வளவு என்று தெரிந்தால் எந்தக் கல்லூரி என்பது பாதி முடிவாகிவிடும். பொறியியல் கலந்தாய்வில் 'இந்தப் படிப்பை ஏன் கேட்கிறாய்?' என்று பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. ஒரு வகையில் அது நல்லதுதான். இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறவருக்கும் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவருக்கும் அங்கே ஒரே தராசு.

ஆனால், அதே பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கேள்வி முதல்முறையாக எதிரே வந்து நிற்கிறது. எஸ்.ஓ.பி. என்பார்கள், பர்சனல் ஸ்டேட்மென்ட் என்பார்கள். 'உன்னைப் பற்றி நீயே எழுது' என்பதுதான் விஷயம். கையும் ஓடாது, காலும் ஓடாது.

நம் கொங்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. "நம்மளப் பத்தி நாமளே சொல்லிக்கறதுங்களா?" என்று கூசுகிற ஊர் இது. அந்தக் கூச்சத்தில்தான் சில கன்சல்டன்சிகளின் வியாபாரம் ஓடுகிறது. பணம் கட்டினால் இரண்டு பக்கம் ரெடி.

அப்படி வாங்கிய இரண்டு பக்கத்தை எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னிடம் கொண்டுவந்தாள். பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருஷம். இங்கிலாந்தில் பயிர்ப் பாதுகாப்பு எம்.எஸ்சி. படிக்க ஆசை. "சித்தி, இங்கிலீஷ் மட்டும் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க" என்றாள்.

இங்கிலீஷில் ஒரு குறையும் இல்லை. சிறு வயது முதலே தாவரங்கள் மீது தீராத ஆர்வம், உலகத் தரமான கல்வி, சமுதாயத்துக்குத் தொண்டு... பெயரை மட்டும் மாற்றினால் திருச்சிப் பையனுக்கும் பொருந்தும், பஞ்சாப் பெண்ணுக்கும் பொருந்தும்.

"இது கெடக்கட்டும். உங்க தோப்புல என்ன நடந்துச்சு, அம்மிணி?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆரம்பித்துவிட்டாள். சுருள் வெள்ளை ஈ 2016-ல் இந்தியாவுக்குள் வந்தபோது முதலில் தென்பட்ட இடங்களில் நம் பொள்ளாச்சியும் ஒன்று. அப்போது இவள் ஆறாம் வகுப்பு. ஆனைமலைப் பக்கம் இருக்கும் இவர்கள் தோப்பில் ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள். கீழ் ஓலைகளில் கரி பூசியது போலக் கரும்பூஞ்சணம். அப்பா மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டியிருக்கிறார். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து என்கார்சியா என்ற குட்டிக் குளவி ஒட்டியிருக்கும் ஓலைத் துண்டுகளை வாங்கி வந்து தோப்பில் வைத்திருக்கிறார். ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் குளவி அது. பக்கத்துத் தோப்புக்காரர் மருந்து அடித்தார். கொஞ்ச நாள் அடங்கிய ஈ மறுபடியும் வந்துவிட்டது.

"மருந்துல அந்தக் குளவியும் செத்துப்போயிருமில்லீங்க சித்தி? குளவிய ஒண்ணும் பண்ணாத மருந்தா, அளவா, நேரமா... எதாச்சும் ஒரு வழி இருக்கோணுமில்லீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் கடல் தாண்டிப் படிக்கப் போகிறாள். காசு கொடுத்து வாங்கிய இரண்டு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை! ஏன் என்றால், "தோப்பு, ஈன்னெல்லாம் எழுதுனா பட்டிக்காடுன்னு நெனச்சுக்குவாங்களோன்னு" என்கிறாள்.

அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறவர்கள் என்னத்தை எல்லாம் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா? இங்கிலாந்தில் கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு யூகாஸ். 2007-ல் அது சுமார் 50,000 விண்ணப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் கெமிஸ்ட்ரி செட்டை வைத்து விளையாடி, பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்ட கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள்! அத்தனை பைஜாமாவுமா எரிந்திருக்கும்? இப்போதும் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கும் சாஃப்ட்வேர் உண்டு. ஒத்துப்போனால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போய்விடும். 'எனக்காக எழுது' என்று கேட்டால் சாட்ஜிபிடி நீட்டுவதும் ஏறக்குறைய அதே பைஜாமாதான்.

நம் மண்ணிலிருந்து போன மிகச் சிறந்த பர்சனல் ஸ்டேட்மென்ட் எது என்று கேட்டால், ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைச் சொல்வேன். சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்ட்தான் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். கணக்கு பிடிக்கும் என்று அளக்கவில்லை, கணக்கையே போட்டுக் காட்டினார். அடுத்த வருஷம் கப்பல் ஏறினார். 'எல்லாரும் ராமானுஜன் ஆயிர முடியுங்களா?' என்பீர்கள். ஆக வேண்டாம். குமாஸ்தா என்பதை மறைக்காத தைரியம் இருந்தால் போதும்.

பட்டப்படிப்புக்கு யூகாஸ் மூலம் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 2026 சேர்க்கையிலிருந்து முறை மாறியிருக்கிறது. ஒரே நீளக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன்? இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது? படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது எப்படி உதவும்? இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் முடிக்க வேண்டும். அந்த மூன்றாவது கேள்வி நம் பிள்ளைகளுக்கென்றே கேட்டது போல இருக்கிறது. அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போய்க் கணக்கு எழுதியது, லீவில் கயிறு மில்லில் மெஷின் பார்த்தது, எதுவாக இருந்தாலும் அதிலிருந்து படிப்புக்கு ஒரு நூல் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் இழுத்துக் கட்ட வேண்டாம். எம்.எஸ்சி.க்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனி விதி வைத்திருக்கும். அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

எழுத வரவில்லையா? முதலில் தமிழில் யாரிடமாவது பேசுங்கள், போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். அதைக் கேட்டு எழுதி, பிறகு எளிய இங்கிலீஷுக்கு மாற்றுங்கள். இலக்கணப் பிழையைத் திருத்த உங்கள் இங்கிலீஷ் டீச்சர் போதும். அரியர் இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாம், ஆனால் இரக்கம் கேட்கிற தொனி வேண்டாம்.

பெற்றோர்களே, 'தோப்பு வெவகாரமெல்லாம் எதுக்குடா எழுதற?' என்று தயவுசெய்து ஆரம்பித்துவிடாதீர்கள். மருத்துவத்துக்கும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் யூகாஸில் அக்டோபர் நடுவிலேயே கடைசி நாள் வந்துவிடும். நம் வீடுகளில் ஆயுத பூஜையும் தீபாவளியும் சுற்றிச் சுழலும் நேரம் அது. ஆகஸ்டிலேயே உட்கார்ந்துவிட்டால், முறுக்கு சுடும்போது பிள்ளையும் அடுப்படிப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கும்.