கெர்னலை நிறுத்திப் பார்க்கலாம்

பிரெஞ்சு என்றால் புதுச்சேரியில் துமா வீதியின் மஞ்சள் சுவர்களைத்தான் காட்டுகிறோம். பிரெஞ்சுக்காரர் ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட, கணினிக்குள் மெய்நிகர் கணினியை இயக்கும் கியூஇஎம்யு மென்பொருளை நம் கணினி மாணவர்களுக்கு யார் காட்டுவது? ஆபரேட்டிங் சிஸ்டம் ஆய்வகம் என்றால் பல கல்லூரிகளில் ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங்கை சி மொழியில் எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி. கியூஇஎம்யுவில் இரண்டு ஆப்ஷன் கொடுத்தால் மெய்நிகர் கணினியின் சிபியு முதல் கட்டளைக்கு முன்பே நின்றுகொள்ளும்; 1234ஆம் போர்ட்டில் ஜிடிபி என்ற டீபக்கரை இணைத்து லினக்ஸ் கெர்னலை அடியடியாக நடத்தலாம். (முகவரிகளைக் கலைத்துப்போடும் கேஏஎஸ்எல்ஆரை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வைத்த பிரேக்பாயிண்டில் எதுவும் நிற்காது.) உள்ளே கெர்னல் கவிழ்ந்தாலும் வெளியே லேப்டாப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. பாடத்திட்டம் மாறும்வரை காத்திராமல் அடுத்த செமஸ்டரிலேயே ஆசிரியர்கள் இதைத் தொடங்கலாம்.