அயலவர் தொல்லை: சகிப்பதும் தீர்வல்ல, பொலிஸும் முதற்படியல்ல

கல்குடா ஒழுங்கைகளில் அயலவர்களுக்கிடையே எழும் தொல்லைகள் பற்றி எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் நிலைப்பாட்டை இவ்வறிக்கை மூலம் அறியத்தருகிறோம். நள்ளிரவு தாண்டியும் அலறும் ஸ்பீக்கர், அடுத்த வளவுக்குள் புகையடிக்க எரிக்கப்படும் பிளாஸ்டிக் குப்பை, ஒழுங்கைக்குள் திறந்துவிடப்படும் கழிவுநீர், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கருகே வெட்டப்படும் மலசலகூடக் குழி போன்றவற்றைச் சின்ன விசயங்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். பொறுக்க முடியாமற்போகும் நாளில் அவையே தூஷணத்திலும் கைகலப்பிலும் முடிகின்றன. தொல்லையை நிறுத்தும் கடமை அதைக் கொடுப்பவருக்கே உரியது என்பது எமது முடிவு. பாதிக்கப்பட்டவர் முதலில் நேரே பேச வேண்டும். பேச்சு பலிக்காவிட்டால் மத்தியஸ்த சபையை நாட வேண்டும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து உள்ளபோது மட்டும் இந்தப் படிகளைத் தாண்டி நேரடியாக அதிகாரிகளிடம் போகலாம்.

இந்த ஊரின் மண்ணும் குடியிருப்பும் அயலவரை ஒருவரோடொருவர் பிணைத்து வைத்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமி எமது கரையோரக் குடியிருப்புகளைச் சிதைத்தது. அதன் பின் எழுந்த வீடுகள் பல சிறிய காணித்துண்டுகளில் நெருக்கமாக அமைந்தன. கடற்கரை மணல் தண்ணீரைத் தங்கவிடாமல் கீழே இறக்கிவிடும். ஒரு வளவின் குழிக்குள் போவது அடுத்த வளவின் கிணற்றைச் சென்றடைய அதிக காலம் எடுப்பதில்லை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே ஐம்பது அடி இருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் சொல்வதை நாம் அறிவோம். ஆனால் பலர் தமது கிணற்றிலிருந்து மட்டுமே அந்தத் தூரத்தை அளக்கிறார்கள்; வேலிக்கு அப்பால் உள்ள கிணறு கணக்கில் வருவதில்லை. புகையின் கதையும் இதுதான். காற்று ஓய்ந்த மாலையில் பம்பர்ஸையும் ஷொப்பிங் பையையும் சேர்த்துக் கொளுத்தினால், அந்தப் புகை அடுத்த வீட்டில் மூச்சிழுப்போடு படுத்திருக்கும் பிள்ளையின் அறைக்குள்தான் போய் நிற்கும். "என் வளவுக்குள் நான் செய்வது என் விருப்பம்" என்ற பேச்சு இந்த மண்ணில் செல்லாது.

சட்டமும் இதையே சொல்கிறது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை மக்கள் ஓய்வெடுக்கும் நேரம் என்றும், அந்த நேரத்துக்குப் பொதுவாக ஒலிபெருக்கி அனுமதி வழங்கக்கூடாது என்றும், மற்ற நேரங்களிலும் நிகழ்வு நடக்கும் வளாகத்துக்கு வெளியே சத்தம் பரவக்கூடாது என்றும் அது பணித்தது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒழுங்குவிதிகள், பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்தன. இருவர் அருகருகே நின்று பேசும் பேச்சே சுமார் 60 டெசிபெல் வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், அயலவரின் நித்திரைக்குச் சட்டம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பது விளங்கும்.

சட்டம் இப்படித் தெளிவாக இருக்கும்போது நேரே பொலிஸுக்குப் போனால் என்ன என்று சிலர் கேட்கலாம். பொலிஸ் வந்தால் அன்றைய சத்தம் நிற்கும். ஆனால் முறைப்பாடு கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் மறுநாள் காலை ஒரே ஒழுங்கையால்தான் போக வேண்டும்; ஒரே கடையில்தான் சாமான் வாங்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான மத்தியஸ்த சபை, எம்மவர் வாயில் இன்றும் இணக்கசபைதான், இப்படிப்பட்ட உறவுகளுக்காகவே அமைந்தது. ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்கிறார்கள். சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. செலவும் பெரிதாக இல்லை. அத்துமீறி நுழைதல், அச்சுறுத்தல், சொத்துக்குச் சேதம் விளைவித்தல் போன்ற அயல் சச்சரவில் வழமையாக வரும் குற்றங்கள் பலவற்றை நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மத்தியஸ்த சபையால் யாரையும் தண்டிக்க முடியாதே என்பது நியாயமான ஆட்சேபம். இணக்கம் வராவிட்டால் சபை அதற்கான சான்றிதழ் தரும். அதன்பின் நீதிமன்ற வழி திறந்தே இருக்கிறது. தொல்லை பொதுமக்களைப் பாதித்தால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் அதை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். சொந்தக்காரருக்கு எதிராகச் சபைக்குப் போவது அழகா என்றும் கேட்பார்கள். மச்சான், பெரியம்மா என்ற உறவு இருப்பதாலேயே வாய் திறக்காமல் ஆண்டுக்கணக்கில் மனதுக்குள் வைத்திருந்து, கடைசியில் நன்மை தின்மைக்குக்கூடப் போகாமல் விடுவதுதான் அழகில்லை.

ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தச் சொல்வது சமயத்தின்மீது கைவைப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். வைகாசிக் குளிர்த்தியும் அம்மன் சடங்கும் எமது உயிர். உடுக்கும் சிலம்பும் பறையும் காவியப் பாட்டும் ஒலிபெருக்கி வருமுன்பே அந்தச் சடங்குகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்தன. ஸ்பீக்கரைக் குறைத்தால் பக்தி குறையாது. கல்யாணமும் சாமத்தியச் சடங்கும் ஒருநாள் கூத்துத்தானே என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: நூறு வீடுள்ள ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருநாள் என்றால், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு எத்தனை இரவு மிஞ்சும்? தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இரு வீட்டுச் சச்சரவு ஒரே இரவில் இரண்டு ஊர்ச் சச்சரவாக மாறலாம். இருவரின் பிரச்சினையை இருவரின் பிரச்சினையாகவே வைத்துப் பேசித் தீர்க்கும் மேசை எமக்கு அதனாலும் தேவை.

ஆகவே, குப்பையை எரிக்காதே என்று சொல்வதோடு நிற்காமல், குறித்த நாளில் ஒவ்வோர் ஒழுங்கைக்கும் குப்பை வண்டியை அனுப்புமாறு கோறளைப்பற்று பிரதேச சபையைக் கேட்கிறோம். புதிய குழிகளுக்கு இடம் பார்க்கும்போது அயலவரின் கிணற்றையும் சேர்த்து அளக்குமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களைக் கேட்கிறோம். ஒலிபெருக்கி அனுமதியின் நிபந்தனைகளை எல்லோருக்கும் ஒரேமாதிரி நடைமுறைப்படுத்துமாறு பொலிஸாரையும், நேரக்கட்டுப்பாட்டைத் தாமாக முன்வந்து அறிவிக்குமாறு ஆலய, பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களையும் வேண்டுகிறோம். எமது சங்கம் நடத்தும் எந்த நிகழ்விலும் இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி இயங்காது; எமது அங்கத்தவர் ஒருவர்மீது முறைப்பாடு வந்தால் அவரையும் இதே வழியில் மத்தியஸ்த சபைக்கு வரச் சொல்வோம். பிறருக்குச் சொல்லும் விதி எமக்கும் பொருந்தினால்தான் அதைச் சொல்லும் தகுதி எமக்கு உண்டு.