ஒரு மஞ்சப்பை மாத்திரை

தளியிலிருந்து தாய்மாமா போன வாரம் வந்திருந்தார். அவர் கொண்டுவரும் மஞ்சப்பையில் எப்போதும் நாலு தேங்காயும் ஒரு சீப்புப் பூவன்பழமும் இருக்கும். இந்த முறை கவிழ்த்தபோது டப்பாக்கள் உருண்டன. ஐந்து.

"வயித்து ஸ்கேன் எடுத்தேன் மாப்ளே. ஈரல்ல கொழுப்பாமா, கிரேடு டூவாமா. ஒரு சொட்டுத் தொட்டவனில்லை. எனக்கெப்புடி வந்துச்சு?"

விடை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. செல்போன். இருபது வருசத்துக்கு முன்னால் மும்முனை கரண்ட் எந்நேரம் வருகிறதோ அந்நேரம் மாமா எழுந்திருப்பார். டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கிணற்றுமேட்டுக்கு நடந்து மோட்டாரைப் போட்டு, தென்னைக்குத் தென்னை மடை திருப்பித் தண்ணி கட்டி முடிக்க விடிந்துவிடும். இன்று தோப்பு முழுக்கச் சொட்டுநீர்க் குழாய். கட்டிலில் படுத்தபடி போனை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. நடை நின்றுபோனது, அரிசிம்பருப்புச் சோற்றின் அளவு நிற்கவில்லை. நாளுக்கு ஆறு டீ, ஆறிலும் சர்க்கரை. எட்டு வருசமாகச் சுகர் வேறு. செலவாகாத மாவையும் இனிப்பையும் ஈரல் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இதற்குச் சாராயம் தேவையில்லை.

டப்பாக்களுக்கு வருவோம். கீழாநெல்லி, மஞ்சளும் மிளகும் சேர்ந்த ஒன்று, சிலிமரின், மீன் எண்ணெய், பெண்பிள்ளைகள் தலைக்குத் தேய்க்கும் பச்சை வைட்டமின் இ. மூன்று டப்பாக்களின் முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டி அர்த்தமும் சொன்னேன்: 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல.' 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதிப்படி இவை உணவுக் கணக்கு. அந்த வரி கட்டாயம்.

"மருந்தில்லைன்னா பின்னெ எதுக்கு மெடிக்கல்ல விக்கிறான்?" என்றார். நியாயமான கேள்வி.

கீழாநெல்லியை மட்டும் விட்டுத்தர அவருக்கு மனசில்லை. அம்மாச்சி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துத்தான் அவருக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை இறங்கியதாம். இறங்கியிருக்கும். அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்குவது. பெயர் கீழாநெல்லிக்குப் போனது. சென்னையில் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து இதை முறையாகச் சோதித்து, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது கிருமியைப் பற்றிய சோதனை. மாமாவின் ஈரலில் இருப்பது கிருமியல்ல, சோறு.

எனக்குப் பயமாக இருந்தது மஞ்சள் டப்பாதான். ஈரோட்டு மஞ்சளை வேண்டாமென்று கொங்கு நாட்டில் இருந்துகொண்டு சொல்வேனா? குழம்பில் போடுகிற மஞ்சளை உடம்பு அதிகம் உறிஞ்சுவதில்லை, பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். மிளகிலுள்ள பைபரினைச் சேர்த்தால் மஞ்சளின் குர்குமின் இருபது மடங்கு ரத்தத்தில் ஏறும் என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்காரர்கள் கண்டார்கள். இன்று அதுவே இந்த டப்பாக்களின் விளம்பரம். மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்டுப்போன பத்துப் பேரைப் பற்றி 2022இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். சிலருடைய மாத்திரையில் மிளகும் இருந்தது. 2023இல் ஆஸ்திரேலிய அரசு எச்சரிக்கை விட்டது. அபூர்வம்தான். ஆனால் ஈரலைக் காப்பாற்ற வாங்கியது ஈரலையே பதம் பார்ப்பதென்றால், அந்த அபூர்வமும் எதற்கு?

பச்சை மாத்திரைக்கு மட்டும் உருப்படியான ஆதாரம் உண்டு. 2010இல் வந்த அமெரிக்க ஆய்வில், கொழுப்போடு அழற்சியும் சேர்ந்த 247 பேர் பங்கேற்றார்கள். தினம் 800 யூனிட் வைட்டமின் இ, 96 வாரம். எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, வெறும் மாத்திரையில் 19. ஈரலின் தழும்பு மட்டும் சொல்லும்படி குறையவில்லை. அதில் சுகர்காரர்களைச் சேர்க்கவே இல்லை. ஆகவே மாமா அந்தக் கணக்கில் வரமாட்டார். 35,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வில், தினம் 400 யூனிட் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது, 2011இல். மாமாவுக்கு வயது 61, டப்பாவில் 400 என்று போட்டிருக்கிறது. டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம் என்றேன்.

மீதி இரண்டுக்கும் தனித்தனிக் கதை வேண்டாம். கொழுப்பு ஈரலுக்கான சத்து மாத்திரைச் சோதனைகள் 202ஐ, 14,200 பேரை, காக்ரேன் குழுவினர் 2021இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, இவற்றால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று முடித்தார்கள்.

"அப்ப என்னதான் பண்றது?"

மாமா 84 கிலோ. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கொழுப்போடு அழற்சியும் இறங்குகிறது. ஆறு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஆறு கிலோவா! அதுக்கொரு மாத்திரை இல்லீங்களா?" என்று அத்தை குறுக்கே கேட்டது. ஊசி வந்திருக்கிறது, அதை இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

பிரிக்காத மூன்று டப்பாவை மாமா மெடிக்கலில் திருப்பிக் கொடுக்கக் கட்டி வைத்தார். பிரித்துவிட்ட கீழாநெல்லி ஜன்னல் திட்டில் கிடக்கிறது. பச்சை மாத்திரையை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டது, பேத்தி தலைக்கு ஆகுமாம்.