மூன்றாம் வகைப் பழுது

போன மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். எங்கள் தெருவில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் இரவு பத்து மணிக்கு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு லிட்டர் பாட்டில், நிறுத்தாமல். மின்சார டெலிவரி வேன் ஓட்டுகிறவர். செங்குன்றம் பக்கத்துக் குடோனில் காலை ஏழு மணிக்குச் சரக்கு ஏற்றினால், கடைசிப் பார்சல் கொடுத்து முடிக்க இரவு எட்டாகும்.

"ஏசி போயிடுச்சு தம்பி. நாலு நாளாச்சு."

"சொல்லலையாண்ணே?"

"ஆப்ல போட்டேன். பதிவு செய்யப்பட்டதுன்னு வந்துச்சு. அதோட சரி."

அந்த ஆப் நாங்கள் எழுதியதல்ல. ஆனால் அதைப் போன்ற ஒன்றை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். நூற்றுக்கணக்கான வண்டிகளை ஒரே திரையில் பார்க்க உதவும் மென்பொருள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, பேட்டரி எத்தனை சதவீதம், என்ன பழுது. மறுநாள் அலுவலகத்தில் எங்கள் பழுதுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் வகை: வண்டியை உடனே நிறுத்து. இரண்டாம் வகை: 48 மணி நேரத்துக்குள் சரிசெய். மூன்றாம் வகை: அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் வகைக்கு 'கம்ஃபர்ட்' என்று பெயர். ரேடியோ, யூஎஸ்பி சார்ஜர், சீட் கவர் கிழிசல், கேபின் ஏசி. பட்டியலைப் போட்டவர் யார் என்று பார்த்தேன். நான்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல ஏசி அறையில் உட்கார்ந்து போட்டிருக்கிறேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் யாரைத் திட்டினாலும் அதில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் அந்த வண்டியில் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். கண்டென்சர் என்பது வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கும் முன்னால் இருக்கும் மெல்லிய அலுமினியச் சட்டம். உள்ளே நுண்குழாய்கள், நடுவே காகிதம் போன்ற தகடுகள். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் சூடான வாயு இங்கே வெளிக்காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. மூக்கில் இருப்பதால் முன்னால் போகும் லாரி தெறிக்கவிடும் கல்லெல்லாம் இதன்மேல்தான் விழும். குண்டூசி முனையளவு ஓட்டை போதும். வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், கூடவே கசியும் எண்ணெயில் தூசி ஒட்டி அந்த இடம் மட்டும் கறுப்பாக இருக்கும். அண்ணன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தில் வலது கீழ்மூலையில் அந்தக் கறை தெளிவாகத் தெரிந்தது.

பெட்ரோல் வண்டியில் கதை இங்கேயே முடிந்துவிடும். கேபின் சூடாகும், அவ்வளவுதான். மின்வண்டிகள் பலவற்றில் அதே வாயுதான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. சில்லர் என்று ஒரு பாகம். அதில் ஏசி வாயு ஒரு பக்கமும், பேட்டரியைச் சுற்றி ஓடும் நீர்க்கலவை மறுபக்கமும் போகும். ஆக, ஒரு கண்டென்சருக்கு இரண்டு வாடிக்கையாளர்கள்: பேட்டரி, டிரைவர். குளிர்ச்சி பற்றாமல் போனால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று எங்கோ ஒரு வரி நிரலில் எழுதப்பட்டிருக்கும். பேட்டரிக்குத்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனின் கேபினில் வெறும் அனல் காற்று வந்த நாட்களில், மிச்சமிருந்த கொஞ்சம் குளிர்ச்சியும் தரைக்கு அடியில் இருந்த பெட்டிக்குத்தான் போயிருக்க வேண்டும்.

நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. பத்து நாட்கள் அந்தப் புகார் 'பாகம் கையிருப்பில் இல்லை' என்று கிடந்தது. சர்வீஸ் சென்டரைக் கேட்டால் குத்தகை நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் காண்ட்ராக்டரைக் காட்டினார்கள். காண்ட்ராக்டர் சொன்னது: "வண்டி ஓடுதுல்ல?" பன்னிரண்டாம் நாள் வாயு இன்னும் குறைந்து, அழுத்தம் போதாமல் கம்ப்ரஸர் தானாகவே நின்றது. இப்போது பேட்டரிக்கும் குளிர்ச்சி இல்லை. மதியம் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேகச் சார்ஜிங் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இழுத்தது. அன்று சாயங்காலமே போன் வந்தது. மறுநாள் வண்டியைக் கூப்பிட்டார்கள். கையிருப்பில் இல்லாத கண்டென்சர் வேறொரு ஊர்க் கிடங்கிலிருந்து இரவோடு இரவாக வந்து சேர்ந்தது. பதினான்காம் நாள் வண்டி ரெடி.

அதே கண்டென்சர். அதே ஓட்டை. மனுஷன் வெந்தபோது மூன்றாம் வகை. பேட்டரி வெந்தபோது முதல் வகை.

இதை நண்பர்கள் வட்டத்தில் சொன்னபோது வந்த முதல் பதில், "அந்தக் காலத்துல டெம்போக்காரங்க ஏசி போட்டா ஓட்டினாங்க?" இதைச் சொன்னவர் தன் காரில் ஏசி ரிப்பேரானால் அலுவலகத்துக்கு லீவு போடுகிறவர். சென்னையின் மே மாதம் வெறும் வெயில் இல்லை, புழுக்கம். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இருக்கும் முக்கியமான வழி வியர்வை ஆவியாவது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆவியாகாது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால், தகரப் பெட்டிக்குள், பார்சலுக்குப் பார்சல் இறங்கி ஏறி நான்கு மாடி படியேறுகிறவரிடம் ஜன்னலைத் திறந்துகொள் என்று சொல்வதற்கு ஒரு தனி மனசு வேண்டும். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடருக்கு நடுவே ஓடும் வண்டியின் ஏசி, எங்கள் பட்டியலில் சீட் கவரோடு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது பதில் கொஞ்சம் நேர்மையானது. ஏசி போட்டால் ரேஞ்ச் குறையும். உண்மைதான். சுமார் இருபது கிலோவாட்-மணி பேட்டரி உள்ள சிறிய வண்டியில் ஏசி சராசரியாக ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இது பெரிய இழப்பு, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பாதை போடும் மென்பொருள் நெரிசலைக் கணக்கில் எடுக்கிறது, பாலத்து ஏற்றத்தை எடுக்கிறது, சரக்கின் எடையை எடுக்கிறது. டிரைவர் ஏசி போடுவார் என்பதை மட்டும் ஏன் எடுப்பதில்லை? எடுத்தால் ஒரு வண்டிக்கு நாளைக்குச் சில பார்சல்கள் குறையும். அந்தச் சில பார்சல்களின் செலவைத்தான் டிரைவரின் உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறோம். ஏசி போட்டு ஓட்டினால் பாதி வழியில் சார்ஜ் தீரும், தீர்ந்தால் அன்றைய இன்சென்டிவ் போகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஏசி நன்றாக இருக்கும் நாளிலும் அண்ணன் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவார். யாரும் அவரைத் தடுக்கவில்லை என்று டேஷ்போர்டு பார்த்துச் சொல்லலாம்.

மூன்றாவது வாதம் பாதுகாப்பு. இதற்குத்தான் நான் அதிக மரியாதை கொடுக்கிறேன், அதிகக் கோபமும் இதன்மேல்தான்.

அண்ணனின் விடுமுறை நாளில் ஜி.பி. ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு ஏசி மெக்கானிக்கிடம் அந்தப் படத்தைக் காட்டினோம். முப்பது வருஷ அனுபவம். ஒரு நொடி பார்த்துவிட்டு, "கண்டென்சர் போச்சு. அரை நாள் வேலை. ஆனா நான் தொட மாட்டேன்" என்றார். ஏன் என்றால், ஆரஞ்சு நிற ஒயர். மின்வண்டியில் கம்ப்ரஸரைச் சுற்ற என்ஜின் பெல்ட் கிடையாது. உயரழுத்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கம்ப்ரஸருக்குள்ளேயே இருக்கிறது. வாயுவும் எண்ணெயும் அந்த மோட்டாரின் சுருள்களை நனைத்துக்கொண்டே ஓடுகின்றன. அதனால் அங்கே ஊற்றும் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. பெட்ரோல் கார்களுக்கு வழக்கமாக ஊற்றும் பேக் எண்ணெயைக் கொஞ்சம் கலந்தாலும் காப்பு கெட்டு, கம்ப்ரஸருக்கே ஆபத்து. பிஓஇ வகைதான் வேண்டும். முந்தின வண்டிக்குப் பயன்படுத்திய ஹோஸில் ஒட்டியிருக்கும் எண்ணெய்கூடப் போதும், கெடுப்பதற்கு. ஆகவே ஆபத்து என்பது கட்டுக்கதை இல்லை.

ஆனால் மெக்கானிக் சொன்ன அடுத்த வாக்கியத்தைக் கேளுங்கள். "கேஸ் எத்தனை கிராம்னு ஸ்டிக்கர்ல இருக்கு. கரண்டை எந்த வரிசையில அணைக்கணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும், இதெல்லாம் யார் சொல்வாங்க? புக்கு கேட்டா டீலருக்கு மட்டும்னு சொல்றான். மாத்தி முடிச்சாலும் கோடு அழிக்க அவன் மிஷின்தான் வேணும்."

பழைய வாயுவைக் காற்றில் விடாமல் இழுத்துச் சேமி, உயரழுத்த இணைப்பைத் துண்டித்து மின்தேக்கிகள் அடங்கக் காத்திரு, பம்பரைக் கழற்று, புதிய கண்டென்சரோடு ட்ரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்று, வேக்குவம் போட்டு அழுத்தம் நிற்கிறதா பார், எடை போட்டு வாயு நிரப்பு. நல்ல மெக்கானிக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைச் சொல்லிக்கொடுக்காமல் பூட்டி வைத்துவிட்டு, தெரியாதவன் தொட்டால் ஆபத்து என்பது என்ன நியாயம்? ஆபத்து என்றால் கையேட்டை வெளியிடு, பயிற்சி கொடு, கருவியை விற்பனைக்கு வை. ரகசியம் எந்த மின்சாரத்திலிருந்தும் யாரையும் காப்பாற்றியதில்லை.

இது புதுச் சண்டையும் இல்லை. 2014இலேயே இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்குகள் நீதிமன்றம் ஏறின. 2022இல் ஒன்றிய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. நுகர்வோரின் உரிமை, சரி. அண்ணன் நுகர்வோர் இல்லையே. வண்டி குத்தகை நிறுவனத்துடையது, ஒப்பந்தம் காண்ட்ராக்டருடையது, வெயில் மட்டும் அவருடையது.

சட்டமும் அவரைத் தாண்டித்தான் போகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அரசாணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் அது என்-2, என்-3 வகை வண்டிகளுக்கு, அதாவது மூன்றரை டன்னுக்கு மேல். தெருத்தெருவாகப் பார்சல் போடும் சின்ன வண்டி என்-1. அதற்கு இல்லை. அதே 2023இல் அமெரிக்காவில் யூபிஎஸ் டிரைவர்கள், 2024 முதல் வாங்கும் புதிய டெலிவரி வண்டிகளில் ஏசி வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். அவர்கள் கையில் சங்கம் இருந்தது, வேலைநிறுத்தம் செய்யத் தயாராகவும் இருந்தார்கள். இங்கே 2021இல் கடை ஊழியர்கள் உட்காருவதற்கே ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அதுவரை ஜவுளிக்கடையில் நாற்காலியும் 'கம்ஃபர்ட்' வகையில்தான் இருந்தது.

என் பட்டியலை மாற்ற ஒரு கோரிக்கை போட்டேன். வெளி வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் கேபின் ஏசி பழுது தானாக இரண்டாம் வகைக்கு ஏற வேண்டும். நிரலில் நாலு வரி. அரை மணி நேர வேலை. மூன்று நாள் கழித்துப் ப்ராடக்ட் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. நல்ல மனிதர், என்னைவிட இளையவர். "புரியுது ப்ரோ. ஆனா எந்தக் கஸ்டமரும் இதைக் கேக்கலையே?" எங்கள் மொழியில் கஸ்டமர் என்றால் வண்டியின் சொந்தக்காரர்.

போன வாரம் அண்ணனைப் பார்த்தேன். ஏசி எப்படி என்றேன். "சூப்பரா வருது தம்பி. மத்தியானம் சார்ஜ் போடுறப்ப மட்டும் அதுவா குறைஞ்சிடுது." அப்போதுதான் அவர் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார். என் கோரிக்கை இன்னும் திறந்தே இருக்கிறது; முன்னுரிமை: மூன்று.