சேத்துப்பட்டு சொன்னதில் பாதியைத்தான் கேட்டோம்

காசநோய்க்குச் செய்து பார்க்காத வைத்தியம் கிடையாது. ஓய்வு, குளிர்காற்று, பாலும் முட்டையும், நுரையீரலைச் சுருங்கச் செய்வது, விலா எலும்பை அறுத்து எடுப்பது, ஊசி, மாத்திரை, தடுப்பூசி என்று மருத்துவத்துக்குத் தெரிந்த அத்தனை வழிகளும் இந்த ஒரு நோயின் மீது மாறி மாறிப் பிரயோகிக்கப்பட்டிருக்கின்றன. எந்தச் சிகிச்சை எதைச் சாதிக்கும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான நோய் வேறில்லை. இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் சில சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நடந்தவை என்பதால் நமக்கு இதில் கூடுதல் பொறுப்பும் இருக்கிறது.

1917-ல் இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜன் நோயில் விழுந்தபோது அவர் சேர்க்கப்பட்ட இடங்களுள் ஒன்று, மெண்டிப் மலைப் பகுதியில் இருந்த ஒரு சானடோரியம். அதை நடத்தியவர் டேவிட் சௌரி முத்து என்ற இந்திய மருத்துவர். கடுங்குளிரிலும் சன்னல்களைத் திறந்து வைத்து, நோயாளியைப் படுக்கையில் கிடத்தி, வயிறாரச் சாப்பிட வைப்பதுதான் அந்தக் காலத்துச் சிகிச்சை. ராமானுஜன் 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்துபோனார். (அவருக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்று என்று பிற்காலத்தில் வாதிட்டவர்களும் உண்டு.) சௌரி முத்துவும் பின்னர் இந்தியா வந்து, 1928-ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரைத் தாங்கிய ரயில் நிலையத்தை இன்றும் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள்.

சானடோரியம் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. உடம்பு தானே போராடுவதற்கு அவகாசம் கொடுத்தது. இருமும் மனிதரைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்தது. அறுவை சிகிச்சையின் தர்க்கமும் ஏறக்குறைய இதுதான். மார்புக்கூட்டுக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்கினால் அதில் விழுந்த குழி மூடிக்கொள்ளும் என்று இத்தாலிய மருத்துவர் ஃபோர்லானினி சொன்னார். அது போதாதபோது விலா எலும்புகளையே எடுத்தார்கள். பிழைத்தவர்கள் ஒரு பக்கம் சரிந்த தோளோடு வாழ்ந்தார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1948-ல் வெளியிட்ட பரிசோதனை முடிவு பிரமிக்க வைத்தது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். பெறாத 52 பேரில் 14 பேர். ஆனால், ஐந்தாண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது முதல் பிரிவில் 32 பேரும் இரண்டாவது பிரிவில் 35 பேரும் இறந்திருந்தார்கள். ஆரம்பத்தில் கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. நுரையீரல் குழி ஒன்றில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் மிகச் சில இயல்பிலேயே ஒரு மருந்துக்கு மசியாதவை. மற்றவை மடிந்ததும் அந்தச் சில பெருகிவிடுகின்றன. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றிடம் தப்பியது இன்னொன்றிடம் மாட்டிக்கொள்ளும். கூட்டு மருந்துச் சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

சிகிச்சை ஏன் ஆறு மாதம் நீள்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோநியாசிட் சில நாள்களிலேயே பெருமளவு கொன்றுவிடுகிறது. அரைத்தூக்கத்தில் கிடக்கும் கிருமிகளை ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் மெல்ல மெல்லத்தான் தீர்க்க முடிகிறது. ஆகவே, காய்ச்சல் நின்று, பசி எடுத்து, இருமல் அடங்கி, ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று நோயாளி நம்புகிற நாளுக்கும் நோய் உண்மையிலேயே குணமாகிற நாளுக்கும் இடையே பல மாதங்கள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; உடம்பு தெம்பாக இருக்கும்போது குமட்டலை வரவழைக்கும் மாத்திரையை யார்தான் விரும்பி விழுங்குவார்கள்?

வீடா, சானடோரியமா?

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த அந்த மையத்தின் முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். அவர் முன்னால் இருந்த கேள்வி எளிமையானது: நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். மருந்து இருக்கும்போது படுக்கை அவசியமா?

இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே. இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்தான்: ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இரண்டும் குறைவு. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் உடன் வசித்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றிவிடவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்றானது. சென்னை உலக மருத்துவத்துக்கு அளித்த கொடைகளில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

ஆனால், இந்த ஆய்விலிருந்து அரசுகள் எடுத்துக்கொண்டது பாதியைத்தான். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களை அந்த மையம் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடவில்லை. மருந்து வாங்க அவர்கள் தவறாமல் மையத்துக்கு வர வேண்டியிருந்தது. சுகாதாரப் பார்வையாளர்கள் வீட்டுக்குப் போனார்கள்; சில சமயம் சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள்; சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவர்களைத் தேடிப் பிடித்தார்கள். நோயாளிகள் தாங்களாகவே மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கல் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். வாரம் இருமுறை ஊழியரின் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை அடுத்த சில ஆண்டுகளில் இதே மையத்தில்தான் பரிசோதிக்கப்பட்டது.

படுக்கை வேண்டாம் என்பது செலவைக் குறைக்கும் செய்தி. வீடு தேடிப் போகும் ஆட்கள் வேண்டும் என்பது செலவைக் கூட்டும் செய்தி. முதலாவது உடனே காதில் விழுந்தது. 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் மாவட்டந்தோறும் மையம் வைத்து மருந்து விநியோகித்தது. பின்தொடர ஆளில்லை. 1992-ல் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. 1997-ல் நேரடிக் கண்காணிப்பு முறை இந்தியாவில் விரிவாக்கப்பட்டபோது, சென்னையின் சொந்தக் கருத்து ஒன்று உலகச் சுற்றுலா முடித்து வீடு திரும்பியது. திரும்பிய வேகத்தில் கொஞ்சம் கறாராகவும் ஆகியிருந்தது: வாரம் மூன்று நாள் நோயாளி மையத்துக்கு வந்து மருந்து விழுங்க வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அது வாரம் மூன்று நாள் வேலைக்குத் தாமதமாகப் போவது. 2017-ல்தான் நாடு முழுவதும் தினசரி மாத்திரை முறைக்கு மாறினோம்.

மருந்து முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அண்மைக்காலம் வரை பதினெட்டு மாதங்களுக்கும் மேல் சிகிச்சை. அதில் பல மாதங்கள் ஊசி. கானமைசின் போன்ற ஊசிகளால் செவித்திறனை நிரந்தரமாக இழந்தவர்கள் பலர். பெடாகுலினை மையமாகக் கொண்ட நான்கு மருந்துக் கூட்டு அதை ஆறு மாதமாக, ஊசியே இல்லாததாக மாற்றியிருக்கிறது. இந்திய அரசு 2024-ல் இதை ஏற்றுக்கொண்டது. பெடாகுலினின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் செய்த முயற்சி 2023-ல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டது. காசநோய்ச் சிகிச்சையின்போது செவித்திறனை இழந்து மீண்ட இரண்டு பெண்கள் தொடுத்த ஆட்சேபம் அதற்கு ஒரு காரணம். ஆனால், அடுத்த ஆண்டே, 2024 மார்ச்சில், சாதாரணக் காசநோய் மாத்திரைகளுக்கே தட்டுப்பாடு வந்து, மாநிலங்கள் தாங்களே வாங்கிக்கொள்ளுமாறு மத்திய அரசு கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆய்வகம் தருவதைக் கிடங்கு கெடுத்துவிடும்.

சோற்றின் இடம்

சேத்துப்பட்டு ஆய்வைப் பாதியாகப் படித்ததன் இன்னொரு விளைவு உணவு விஷயத்தில் நேர்ந்தது. குறைவாகச் சாப்பிட்டவர்களும் குணமடைந்தார்கள் என்பது ஆய்வு கண்ட உண்மை. சளியிலிருந்து கிருமி அகலுமா என்ற கேள்விக்கு அது சரியான பதில். உணவு சிகிச்சைக்கு வெளியே உள்ள விஷயம் என்று ஆனது நாம் அதிலிருந்து இழுத்துக்கொண்ட முடிவு. யாருக்கு நோய் வருகிறது, வந்தவர்களில் யார் சாகிறார்கள் என்பவை வேறு கேள்விகள்.

அவற்றுக்கு ஜார்க்கண்டில் பதில் கிடைத்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில் 2019 முதல் 2022 வரை அங்கு நான்கு மாவட்டங்களில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் சுமார் 2,800 நோயாளிகளுக்கும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அவர்களுடைய குடும்பத்தினரில் ஒரு பகுதியினருக்கும் மாதாமாதம் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றது. குடும்பத்தினருக்குக் கொடுத்தது ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு மரண ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது.

இதோடு இன்னொரு ஆய்வை வைத்துப் பாருங்கள். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வந்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுப்பதால் அந்த ஊசி இன்றும் போடப்படுகிறது, அது சரிதான். இரண்டு ஆய்வுகளின் களமும் கேள்வியும் வேறு என்பதால் நேராக ஒப்பிடுவது முறையாகாது. ஆனாலும், பெரியவர்களைக் காக்கும் புதிய தடுப்பூசிக்காக உலகம் காத்திருக்கும்போது அரிசியும் பருப்பும் இத்தனை தூரம் காப்பாற்றுகின்றன என்பதைக் கொள்கை வகுப்போர் அலட்சியம் செய்வதற்கில்லை.

படுக்கையும் திரும்பி வந்திருக்கிறது. காசநோயில் இறப்பவர்களில் பலர், நோய் கண்டறியப்பட்ட முதல் சில வாரங்களிலேயே இறக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுச் சிகிச்சை போதாது. தமிழகத்தில் 2022-ல் தொடங்கப்பட்ட ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதற்காகவே உருவானது. உயரத்துக்கேற்ற எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை முறை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். எக்ஸ்ரே வேண்டாம், ஒரு செவிலியர் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். நிலைமை மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் பல மாதங்கள் என்றிருந்த படுக்கை, இப்போது தேவையானவருக்குத் தேவையான நாள்கள் மட்டும் என்று ஆகியிருக்கிறது. பழைய சிகிச்சையைத் தூக்கி எறியாமல் அதற்குரிய இடத்தில் வைத்த இந்த ஏற்பாட்டை அண்மை ஆண்டுகளில் நமது பொதுச் சுகாதாரத் துறை செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்றாகவே கருதுகிறேன்.

மீதமிருப்பது உணவு. ‘நிக்‌ஷய் போஷண்’ திட்டத்தின் கீழ் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் 2018 முதல் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நல்லதுதான். ஆனால், இந்தப் பணம் நோயாளிக்கு மட்டுமானது; அவருடைய இருமலுக்கு நடுவே தூங்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. உணவுக் கூடைகளைப் பெரிதும் கொடையாளர்களிடம் விட்டிருக்கிறார்கள். ரிஃபாம்பிசினை யாராவது புண்ணியவான் வாங்கித் தருவார் என்று எந்த அரசும் காத்திருப்பதில்லை. நோயைத் தடுக்கும் என்று நிரூபணமான பருப்புக்கு மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்?

இந்தியாவில் காசநோய் 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்தது, 2023-ல் 195 ஆகக் குறைந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது முன்னேற்றம்தான். ஆனால், 2025-க்குள் ஒழித்துவிடுவோம் என்று 2018-ல் பிரதமர் அறிவித்த இலக்குக்கு அருகில்கூட இது இல்லை.

எல்லோருக்கும் ரேஷன் அட்டை என்ற ஏற்பாடு தமிழகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களும் 2021 முதல் இருக்கிறார்கள். காசநோய் உறுதியான நாளிலிருந்து சிகிச்சை முடியும்வரை அந்தக் குடும்பம் முழுமைக்கும் கூடுதல் பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றை மருத்துவரே சீட்டில் எழுத வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கினால் ஊருக்கே நோய் தெரிந்துவிடும் என்று அஞ்சுவோர் இருப்பார்கள். அவர்களுக்கு ஊழியர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதற்கான பணத்தை நன்கொடைக் கணக்கில் தேடாமல், அடுத்த நிதிநிலை அறிக்கையில் காசநோய் மருந்துகளுக்கு ஒதுக்கும் அதே தலைப்பின் கீழ் மாநில அரசு ஒதுக்க வேண்டும்.