சாலை நம்முடையது, சாவடி யாருடையது?

பாடியில் ஆரம்பிக்கிற நமது நெடுஞ்சாலை அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர், திருத்தணி என்று ஓடி, ஆந்திர எல்லையைத் தாண்டி நகரி, புத்தூர், ரேணிகுண்டா, கடப்பை வழியே முத்தனூரில் போய் முடிகிறது. முன்பு இதற்கு 205 என்று நம்பர். அப்போது திருப்பதி, மதனப்பள்ளி வழியாக அனந்தப்பூர் வரை போயிற்று. 2010இல் டில்லி சர்க்கார் நம்பரை மாற்றி 716 ஆக்கியது. நம்பர் எதுவானால் என்ன? இந்தச் சாலைக்குப் பணம் கொடுத்தது யார், இதில் பணம் பண்ணுகிறவர் யார் என்பதுதான் நமது கேள்வி.

இந்தச் சாலையோரத்து ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, நாட்டில் சோஷலிச பாணி சமுதாயம் அமைக்கப் போவதாகத் தீர்மானம் போட்டது. மறு ஆண்டே தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. நெடுஞ்சாலைகள் மத்திய சர்க்காரின் சொத்து, அதாவது ஜனங்களின் சொத்து என்றார்கள். நல்லது. ஆனால் அதே காங்கிரஸ் 1995இல் அதே சட்டத்தைத் திருத்தி, தனியார் முதலாளி சாலை போட்டுக் கட்டணம் வசூலிக்கக் கதவைத் திறந்துவிட்டது. அடுத்து வந்த பா.ஜ.க. சர்க்காரோ கதவையே கழற்றிவிட்டது. 2021 ஆகஸ்டில் போட்ட பணமாக்கல் திட்டத்தில் 26,700 கிலோமீட்டர் சாலையைக் குத்தகைக்கு விட்டு 1.6 லட்சம் கோடி ரூபாய் திரட்டப் போவதாக அறிவித்தது. பாட்டன் சொத்தை அடமானம் வைக்கிற பிள்ளைகூட வீட்டில் ஒரு வார்த்தை கேட்பான்!

சாலைக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டவில்லையா? 1998இல் பெட்ரோலுக்கும், மறு ஆண்டு டீசலுக்கும் லிட்டருக்கு ஒரு ரூபாய் சாலைக்கென்றே வரி போட்டார்கள். 2018 பட்ஜெட்டில் அது 8 ரூபாயாயிற்று. அப்படியும் பசி அடங்கவில்லை. திருவள்ளூரைத் தாண்டினால் பட்டரைப்பெரும்புதூரில் சாவடி. கும்மிடிப்பூண்டி போகிற கல்கத்தா நெடுஞ்சாலையில் நல்லூர் சாவடி.

"மோட்டார் சைக்கிளுக்குத்தான் கட்டணம் இல்லையே, ஏழைக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள் மந்திரிகள். லாரியில் வருகிற அரிசிக்கும் காய்கறிக்கும் சாவடிப் பணத்தை லாரி முதலாளியா தன் பையிலிருந்து கொடுக்கிறான்? அரசு பஸ்ஸும் கட்டுகிறது. தென் ஜில்லாக்களில் 4 சாவடிகளுக்கு 276 கோடி ரூபாய் பாக்கி என்று தனியார் கம்பெனிகள் வழக்குப் போட்டு, 2025 ஜூலையில் அரசு பஸ்களையே மறிக்க ஹைகோர்ட்டில் உத்தரவு வாங்கின. பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டது என்பது வேறு விஷயம். ஜனங்களின் சாலையில் ஜனங்களின் பஸ் போகக் கூடாதாம்!

கட்டணம் உயருகிற விதத்தைப் பாருங்கள். 2008ஆம் ஆண்டு விதிப்படி வருஷா வருஷம் 3 சதவீதம் கண்டிப்பாகக் கூடும். அதற்கு மேல் மொத்த விலைவாசி உயர்வில் 40 சதவீதமும் சேரும். யாரும் கோஷம் போட வேண்டாம், ஸ்டிரைக் செய்ய வேண்டாம். ஏப்ரல் முதல் தேதி தானாக ஏறிவிடும். அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் காண்டிராக்டில் வேலை செய்கிற தோழனுக்கு இப்படித் தானாக ஏறும் பஞ்சப்படி உண்டா? முதலாளியின் லாபத்துக்குப் பஞ்சப்படி, தொழிலாளிக்குப் பஞ்சம்! போட்ட முதல் வசூலானதும் கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைப்போம் என்றும் அதே விதியில் எழுதினார்கள். ஏற்றுகிற விதி மட்டும் தேதி தவறாமல் நடக்கிறது. தென் மாநிலச் சாவடிகளைச் சோதித்த மத்திய தணிக்கை அதிகாரியே, விதிக்கு மாறாக 132 கோடி ரூபாய் வசூலானதாக 2023இல் அறிக்கை கொடுத்தார். அந்தச் சாவடிகளில் செங்கற்பட்டுப் பக்கத்துப் பரனூரும் ஒன்று.

விவசாயத் தொழிலாளியின் கதை இன்னும் மோசம். தச்சூரிலிருந்து சித்தூருக்கு ஆறு வழிச் சாலை என்று ஊத்துக்கோட்டைப் பக்கம் விளைநிலத்தை அளந்தார்கள். விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். பட்டா உள்ளவனுக்கு நஷ்டஈடு. அந்த வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவளுக்கு? மூன்றாண்டாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013ஆம் ஆண்டு நிலஎடுப்புச் சட்டம் சொல்கிறது. எத்தனை கூலிக் குடும்பங்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? ஊர் ஊராகப் பட்டியலை வெளியிடுங்கள்.

வேகம், வேகம் என்கிறார்கள். யாருக்கு வேகம்? வேப்பம்பட்டில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம் கட்டத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாகியும் அது அரைகுறையாகவே நின்றது. 2023 நவம்பரில் தண்டவாளத்தைக் கடந்த ஒரே குடும்பத்தார் மூவர் ரயில் மோதிச் செத்தார்கள். அதன் பிறகுதானே அதிகாரிகள் ஓடி வந்தார்கள்? கன்டெய்னர் லாரி ஒரு நிமிஷம் தாமதிக்காமலிருக்க ஆயிரக்கணக்கான கோடி உண்டு. ஷிப்டு முடிந்து வருகிறவன் உயிரோடு வீடு சேர ஒரு பாலத்துக்குப் பணமில்லை!

நாம் கேட்பது இது. பாலம் இத்தனை ஆண்டு ஏன் கிடந்தது, யார் பொறுப்பு என்று ஜில்லா அதிகாரிகள் வேப்பம்பட்டு ஜனங்கள் முன் வந்து பதில் சொல்லட்டும். அரசு பஸ்களுக்குச் சாவடிக் கட்டணம் அடியோடு ரத்தாகட்டும். பட்டரைப்பெரும்புதூரிலும் நல்லூரிலும் சாவடி வாசலில் பலகை வைத்து, போட்ட முதல் எவ்வளவு, இன்றுவரை வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தமிழில், பெரிய எழுத்தில், மாதாமாதம் எழுதட்டும்.